கேதம் சொன்ன வாய்

1

நான் சாகடித்த மனிதர், ஆடி பிறந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பத்திரிகை ஆபீசுக்கு வந்து, உட்காரலாமா என்று கேட்டார். ஒரு கால் சற்று இழுத்தது. கையில் எண்ணெய்க் கறை படிந்த காகிதத் துண்டு. அதை என் மேசைமேல் விரித்து, நகத்தால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இது நான்தான் சார்."

அந்த வரியை எழுதியவன் நான். ஈயத்தில் கோத்த பிறகு நின்று சரிபார்த்தவனும் நானே. 'இருளப்பன், திருச்சுழிப் பக்கம், சயாமில் காலமானார்' என்று இருந்தது.

"வடை கட்டிக் குடுத்த காகிதம் சார். வடையத் தின்னு முடிச்சுட்டுக் கை தொடைக்கப் போனா, என் சாவு இருக்கு."

விஷயம் தெரியாத நம் பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்கில் ஒரு தமிழ்த் தினசரியில் நான் உதவி ஆசிரியன். அச்சுக் கோப்பவனாகச் சேர்ந்து, எழுத்துப் பெட்டியிலிருந்து நாற்காலிக்கு நகர்ந்தவன். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் இங்குள்ள தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதும், போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பாததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போனவன் செத்தானா இருக்கிறானா என்று ஊரில் இருக்கிற பெண்டாட்டிக்குச் சொல்ல இங்கே யாருக்கும் கடமை இல்லை என்பது தெரிந்திருக்காது. தோட்டத்து ஆபீசில் பெயரைச் சிவப்பு மசியால் அடித்தார்கள், அத்தோடு சரி. எனக்கு அது பொறுக்கவில்லை. திரும்பி வந்தவர்களைத் தேடிப்போய், யாரை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டு, வாரம் ஒரு நாள் நான்காம் பக்கத்தில் பெயர்களைப் போட்டு வருகிறேன். ஊர் தெரிந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி, ஒரு கடிதத்தோடு வீட்டுக்கும் அனுப்புவேன்.

எங்கள் முதலாளிக்கு இதில் சந்தோஷம் இல்லை. நான்காம் பக்கம் செட்டிமார், மரைக்காயர்களின் நினைவு நாள் விளம்பரங்களுக்கு உரிய இடம். "கூலியாட்கள் பேரைப் படிக்கவா பேப்பர் வாங்குகிறார்கள்?" என்பார். அவர்கள் வீட்டாருக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் நாம் போடவேண்டும் என்பேன். மாதம் ஒருமுறை இந்தச் சண்டை நடக்கும்.

இருளப்பனைப் பற்றி எனக்குத் தகவல் சொன்னவர் பொய் சொல்லவில்லை. குழி வெட்டியவரே அவர்தான். ஆனால் அவர் புதைத்தது பக்கத்துத் தோட்டத்து இருளப்பனை. நம் பக்கத்தில் தலைச்சன் பிள்ளைக்குக் குலசாமி பெயரை வைத்துவிடுவோம். சந்தையில் நின்று "ஏலே இருளப்பா" என்று கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும். இது தெரிந்த நானே தகப்பன் பெயரைக் கேட்காமல், தோட்டத்துப் பதிவில் கிடைத்த ஓர் இருளப்பனை எடுத்துப் போட்டுவிட்டேன். காரணம், அந்தப் பதிவில் இருந்தது என் சொந்த ஊரின் பெயர். அதைப் பார்த்ததும் கை முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது.

அவர் வந்தது சண்டை போட இல்லை. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடப்பதால் இங்கே இப்போது அவசரகாலம். எல்லோரும் பெருவிரல் ரேகை வைத்து அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். "தோட்டத்துல என் பேரு அடிபட்டுப் போச்சாம். செத்தவனுக்குக் கார்டு இல்லேங்கிறாக. பேப்பர்ல போட்டவுகளே, ஆளு உசுரோட இருக்கான்னு எழுதிக் குடுத்தா பாக்கலாமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் ஆயிற்று என்று காகிதம் எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தபோதுதான், போன வாரம் வந்த கடிதம் கண்ணில் பட்டது. இருளப்பனின் தம்பி எழுதியது. 'தங்கள் கடிதமும் காகிதமும் கிடைத்தது. அண்ணனுக்கு ஆடி அமாவாசையன்று கடலில் காரியம் செய்து, அன்றே அண்ணிக்குச் செய்யவேண்டியதையும் செய்ய இருக்கிறோம். பட்டா மாற்றுவதற்கு முத்திரை வைத்த சர்ட்டிபிகேட் ஒன்று அனுப்பி வைக்கவும்.'

செய்யவேண்டியது என்றால் தாலி அறுப்பது. அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இருளப்பன் அதை இரண்டு முறை படித்தார். கால் புண்ணோடு சயாமிலேயே ஒரு கிராமத்தில் கிடந்து, பிறகு எல்லை தாண்டி கெடாவில் ஓர் அரிசி ஆலைக்கு வந்து சேர்ந்தவர். ஊருக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நல்ல சட்டை போட்டுக் கப்பல் ஏறுனவன் சார் நான். நொண்டிக் காலோட என்னத்த எழுத? கொஞ்சம் நிமிந்துக்கிட்டு எழுதுவோம்னு இருந்தேன். வருசம் ஓடிருச்சு." கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "நான் செத்துட்டேன்னு அவ இத்தன நாளும் நம்பியிருக்க மாட்டா. இந்தக் காகிதம் போயித்தான் நம்பிட்டா."

"ஊர்ல உங்க வீடு எது?" என்று கேட்டேன்.

"கம்மாக்கரை ஓரம். பெரிய வீடும்பாக."

2

அந்த வீட்டை எனக்குத் தெரியும். வாசல் வரைக்கும்தான் தெரியும்.

என் அப்பா சின்னான் அந்த ஊரின் கேதகாரர். மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்தால், சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் நடந்துபோய்ச் சொல்லிவருவது அவர் வேலை. காரியாபட்டி, மல்லாங்கிணறு, வீரசோழன் என்று கரிசல் வெடிப்பில் செருப்பில்லாத கால் எத்தனை மைல் நடந்திருக்கும் என்று அவரே எண்ணியதில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலுக்குத் தள்ளி நின்று, "இன்னார் தவறிட்டாகய்யா" என்று ஒரே தடவை சொல்லவேண்டும். உட்காரக் கூடாது. முக்கியமாக, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவர்கள் போடுகிற கம்பையோ குதிரைவாலியையோ துண்டில் ஏந்திக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பெரிய வீட்டுத் தாத்தா இறந்துவிட்டார் என்று அப்பா மூன்று ஊருக்குச் சொல்லிவிட்டார். சாயங்காலம் சொந்தக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு மாரடித்து வந்து இறங்கினால், தாத்தா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் அனுப்பவே இல்லை, குடித்துவிட்டு, தானியத்துக்கு ஆசைப்பட்டுத் தானாகப் போயிருக்கிறான் என்றார்கள் வீட்டார். மறுநாள் அப்பாவைக் களத்து வேம்பில் உச்சிப்பொழுது வரைக்கும் கட்டி வைத்தார்கள். நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

அவிழ்த்துவிட்டதும் அவர் வீட்டுக்கு வரவில்லை. மல்லாங்கிணற்றில் அந்தத் தாத்தாவின் மகள் நிறைமாதக்காரி, வர முடியாமல் அங்கேயே அழுதுகொண்டிருந்தாள். யாரும் அனுப்பாமல் அப்பா அங்கே நடந்தார். "கேதம் சொன்ன வாயிதான் போயி மாத்திச் சொல்லணும்" என்றாராம். இதை எனக்கு அம்மா சொன்னாள், அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் போய் நின்று, சேதி எதுவும் சொல்லாமல், "தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று கையேந்தியிருக்கிறார். உள்ளே ஒப்பாரி நின்றுவிட்டது. கேதம் சொல்லவந்தவன் தண்ணீர் கேட்கமாட்டான். கேட்டால் நல்ல சேதி.

அதற்குப் பிறகு யார் அனுப்பினாலும் அப்பா ஒரு கேள்வி கேட்பார். "நீங்க கண்ணால பாத்தீகளாய்யா?" இதனாலேயே அவருக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். தானே உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு வழியில்லை. ஒரு சாவை ஊர் ஊராகச் சுமக்கிறவனுக்கு அந்தச் சாவு கிடக்கிற வீட்டுக்குள் கால் வைக்க உரிமை இல்லை. பத்திரிகை வேலை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நான்காம் பக்கத்துக்காக முதலாளியோடு மல்லுக்கு நிற்பதும் இதனால்தான், வேறு படிப்பினால் இல்லை.

ஆனால் ஊர் சொன்னது என் காதில் விழுந்தபடியே இருந்தது. அப்பா எப்போதாவது கள் குடிப்பவர்தான். அன்றைக்கும் குடித்திருந்தாரோ? நாங்கள் ஊரை விட்டு அருப்புக்கோட்டைக்கு வந்த பிறகும், நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோதும் அந்தச் சந்தேகம் கூடவே வந்தது. அவரிடம் கேட்க வாய் வரவில்லை. யுத்தத்தில் தபால் நின்றது. தபால் திரும்பவும் ஓடியபோது, அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று என் தங்கை பாக்கியத்தின் கடிதம் வந்தது. ஊருக்கெல்லாம் கேதம் சொன்ன மனிதரின் கேதம் அவர் மகனுக்கு மூன்று வருடம் கழித்து வந்தது. அந்த வாரம்தான் முதல் பட்டியலைப் போட்டேன்.

இப்போது அந்தப் பெரிய வீட்டுப் பேரன் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் உத்தமன் இல்லை. அமாவாசை வந்து போகட்டுமே, அவர்கள் வீட்டிலும் ஒரு பொய்ச் சாவு நடக்கட்டுமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான், ஆனாலும் தோன்றியது. பிறகு, முகம் தெரியாத அந்தப் பெண்ணின் கழுத்து ஞாபகம் வந்தது. அவள் என்ன செய்தாள்? கேதம் சொன்ன வாய் என்னுடையது.

"எழுந்திருங்க. தந்தி ஆபீசுக்குப் போவோம்" என்றேன்.

3

தந்தி ஆபீசில் சாப்பாட்டு நேரம். கவுண்டர் திறக்கிற வரைக்கும் எதிரே இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். "பசியாறிட்டீங்களா?" என்றேன். பினாங்கில் எல்லோரும் இப்படித்தான் கேட்போம். "இங்கிட்டு வந்து எல்லாரும் பசியாறுறீக, ஊர்ல நாம கஞ்சி குடிச்சியான்னு கேப்போம்" என்று சிரித்தார் இருளப்பன். முதல்முறையாகச் சிரித்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் யார் என்று சொல்லாமல் கேட்டேன். "உங்க ஊர்ல ஒரு பெரியவர் செத்துப் பிழைச்சாராமே?"

"எங்க தாத்தாதான் சார். அந்தக் கதை பினாங்கு வரைக்கும் வந்திருச்சா?"

"கேதம் சொன்னவன் குடிச்சுட்டுத் தப்பாச் சொல்லிட்டான்னு கேள்வி."

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். "குடிக்கவுமில்ல, ஒண்ணுமில்ல. அது எங்கப்பா கட்டிவிட்டது. விடியக்காலம் எங்கப்பாதான் அந்தச் சின்னானைக் கூப்பிட்டு, முடிஞ்சுபோச்சு, போய்ச் சொல்லுன்னாரு. நான் பக்கத்துலதான் நிக்கேன். தாத்தாவுக்கு மூச்சு நின்ன மாதிரிதான் இருந்துச்சு. பொழுது ஏற ஏற முழிச்சுக்கிட்டாக, கஞ்சி கேட்டாக. சாயங்காலம் சொந்தக்காரவுக கோடித்துணியோட வந்து எறங்கவும், எங்கப்பாவுக்கு மூஞ்சிய எங்க வைக்க? பெத்த அப்பன் சாகு முன்னாடியே ஆளனுப்புனவன்னு பேராயிருமில்ல. நான் அனுப்பவே இல்லேன்னுட்டாரு."

"நீங்க பார்த்ததைச் சொல்லலையா?"

"பன்னெண்டு வயசு சார் எனக்கு. அப்பா மொகத்துக்கு முன்னால எப்படிச் சொல்ல? அப்புறம் வளந்தும் சொல்லல. அதுக்கு வயசைச் சொல்ல முடியாது, அது என் தப்புதான்." கோப்பியைத் தள்ளி வைத்தார். "அந்தாளு கட்டுல நிக்கும்போது எங்கப்பா சன்னல் கதவைச் சாத்திக்கிட்டாரு. நான் அதையும் பாத்தேன்."

இருபத்தைந்து வருடமாக நெஞ்சில் இருந்த முள் ஒன்று, யாரும் பிடுங்காமல் தானாக விழுந்தது. அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

"சார், என்னாச்சு?"

"நான் சின்னான் மகன்" என்றேன்.

அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நொண்டிக் காலோடு ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஊர் வழக்கப்படி அவர் வீட்டுப் பிள்ளை என்னை 'ஏலே' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் வாய் ஏதோ ஒரு சொல்லைத் தேடி, திரும்பவும் பழைய சொல்லுக்கே வந்தது.

"நீங்களா சார்" என்றார்.

4

நேராக அந்தப் பெரிய வீட்டுக்கே தந்தி கொடுத்தால் என்ன என்று இங்கே என் நண்பர்கள் கேட்டார்கள். நம் பக்கத்து ஆட்கள் கேட்கமாட்டார்கள். நம் ஊரில் தந்தி என்றாலே சாவு. தந்திக்காரன் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே ஒப்பாரி தொடங்கிவிடும். இங்கிலீஷில் வருகிற அதைப் பிரித்துப் படிக்க ஆள் தேடுவதற்குள் பாதிக் காரியம் முடிந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. தந்தி போய்ச் சேருவது பட்டாவுக்குச் சர்ட்டிபிகேட் கேட்ட தம்பி கையில். அவர் நல்லவராகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. அவர் நல்லவர் என்று நம்பி ஒரு பெண்ணின் தாலியைப் பந்தயம் வைக்க நான் தயாரில்லை.

பாக்கியம் அருப்புக்கோட்டையில் ரங்கம்மா என்கிற தறிக்காரர் வீட்டு அம்மாவிடம் தறிக்கு நூல் தார் சுற்றுகிறாள். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறவர்கள். நூல் வியாபாரத்துக்காக மதுரையிலிருந்து அவர்களுக்கு அடிக்கடி தந்தி வரும், அந்த வீட்டில் யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. அந்த விலாசத்துக்கு எழுதினேன். இருளப்பன் பினாங்கில் உயிரோடு இருக்கிறார், அமாவாசைக்கு முன் பாக்கியம் பெரிய வீட்டுக்கு நேரில் போய் அவர் மனைவியிடம் சொல்லவேண்டும், முதலில் தண்ணீர் கேட்கவேண்டும். இதை இங்கிலீஷில் எட்டுப் பத்துச் சொல்லாகச் சுருக்கினேன்.

கவுண்டரில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை. பென்சிலால் சொற்களை எண்ணிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றுவிட்டார்.

"உதென்ன தம்பி, முதல்ல தண்ணி கேள் எண்டு?"

"எங்கள் ஊர் வழக்கம் ஐயா."

"காலம் கெட்டுக் கிடக்குது. உப்பிடி மறைபொருள் மாதிரி எழுதினால் மேல கொண்டுபோய்க் காட்ட வேணும். அந்த வரியை வெட்டிவிடும், மிச்சம் போகும்."

வெட்ட முடியாது என்றேன். மேலே காட்டுவதென்றால் இன்றைக்குப் போகாது என்றார் அவர். பின்னால் வரிசை நீண்டது. இருளப்பன் முன்னால் வந்து, எண்ணெய்க் காகிதத்தைக் கம்பிக்குள் நீட்டினார்.

"ஐயா, இதுல செத்துப் போனதாப் போட்டிருக்கே, அது நான். ஊர்ல எம் பொண்டாட்டிக்குத் தாலி அறுக்கப் போறாக. சேதி சொல்லப் போறவ வாசல்ல நிக்கும்போதே, இது சாவுச் சேதி இல்லேன்னு அவளுக்குத் தெரியணும். அதுக்குத்தான் தண்ணி."

அந்தப் பெரியவர் காகிதத்தைப் படித்தார், இருளப்பனைப் பார்த்தார், திரும்பவும் காகிதத்தைப் படித்தார். "எங்கட ஊரிலையும் சாவு சொல்ல வாறவன் படலைக்கு வெளியிலதான் நிப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். "அவன் தண்ணி கேட்டு நான் கண்டதில்லை."

5

பிறகு காத்திருப்பு. இருளப்பன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆபீசுக்கு வந்து, எதுவும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருக்கு அடையாளக் கார்டுக்கான கடிதத்தை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். 'மேற்படி நபர் எங்கள் பத்திரிகையில் காலமானாலும் உண்மையில் உயிரோடிருக்கிறார்' என்று இருந்ததைப் படித்துவிட்டு அந்த ஆபீசில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கார்டு கிடைத்துவிட்டது.

நான் தூங்காததையும் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பதையும் பார்த்து என் மகள் செல்வி, எட்டு வயது, என்ன என்று கேட்டாள். இங்கேயே பிறந்தவள், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிறாள், தெருவில் மலாய் பேசுகிறாள். "அப்பா, சூடா மாக்கான்?" என்றுதான், சாப்பிட்டாச்சா என்பதைக்கூட என்னிடம் கேட்பாள். ஒரு சமயம், அருப்புக்கோட்டை எந்தத் தீவில் இருக்கிறது என்று கேட்டவள். பினாங்கு தீவானதால் எல்லா ஊரும் தீவு என்று அவளுக்கு நினைப்பு. அவளிடம் தாத்தா கதையை முழுக்கச் சொன்னேன், கட்டி வைத்ததை மட்டும் விட்டுவிட்டு.

"அவ்வளவு தூரம் நடந்தா தாத்தாவுக்குத் தாகம் எடுக்காதா?" என்றாள்.

"எடுக்கும்."

"அப்புறம் ஏன் குடிக்கக் கூடாது?"

எனக்கு இத்தனை வயதில் தோன்றாத கேள்வி அது. வழக்கம் என்று சொன்னேன். அது என்ன பதில் என்கிற மாதிரிப் பார்த்தாள். கட்டி வைத்ததையும் இவளிடம் ஒருநாள் சொல்லியாக வேண்டும்.

நான்காம் நாள் காலை வீட்டுக்கே தந்தி வந்தது. ஊரைப் பற்றி இவ்வளவு விவரம் பேசுகிற நான், அந்தக் கவரைக் கையில் வாங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். ஊர்க்காரன் ஊர்க்காரன்தான். செல்விதான் பிடுங்கிப் பிரித்தாள்.

"சொல்லியாச்சு, எல்லாம் நலம்னு இருக்கு அப்பா. ரெண்டு வரிக்கு ஏன் இப்படி நிக்கிறீங்க?"

செருப்பைக்கூட மாட்டாமல் இருளப்பன் தங்கியிருந்த இடத்துக்கு ஓடினேன். அவர் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

6

திருத்தத்தை அதே நான்காம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டேன். மூலையில் சின்னதாகப் போடலாமே என்றார் முதலாளி. சாவைப் பெரிதாகப் போட்டுவிட்டு உயிரைச் சின்னதாகப் போடக்கூடாது என்றேன். இந்தத் தடவை அவர் அதிகம் வாதாடவில்லை. பட்டியல் இப்போதும் வருகிறது. இரண்டு பேர் சொல்லாமல், தகப்பன் பெயரைக் கேட்காமல் ஒரு பெயரும் ஏறுவதில்லை.

இருளப்பன் போன வாரம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். "ஊருக்குப் போயி, களத்துல நின்னு, நான் கண்டதைச் சொல்லிப்புடுவேன்" என்றார். சொல்வாரா, தெரியாது. ஊர் என்பது பினாங்குக் கோப்பிக் கடை இல்லை. என்னிடம் சொன்னதே எனக்குப் போதும்.

நேற்று பாக்கியத்தின் கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல, சொன்னபடியே ரங்கம்மா எழுதியிருக்கிறார். நானும் அப்படியே தருகிறேன்:

'அண்ணே, தந்தின்னதும் நீதான் போயிட்டேன்னு ராட்டையை விட்டுட்டு அழுதுட்டேன். அப்புறம்தான் அக்கா படிச்சுச் சொன்னாக. திருச்சுழி வரைக்கும் பஸ்ஸுல போயி அங்கிட்டு நடந்தேன். அப்பாவைக் கட்டிவச்ச வேம்பு இன்னும் நிக்கிது. அம்மா சொல்லித்தான் எனக்கு அது தெரியும். திரும்பிருவோமான்னு இருந்துச்சு. அவுக அப்பாவைச் செஞ்சதுக்கு நாம ஏன் போகணும்னும் இருந்துச்சு. நீ சொன்னதுக்காகப் போனேன்.

'வாசலுக்குத் தள்ளி நின்னேன். முத்தத்துல எள்ளு காயுது, காரியத்துக்கு. தம்பிகாரரு, ஆரு, என்ன வேணும்னாரு. தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கன்னேன். அந்தம்மா உள்ளயிருந்து வந்து என் மூஞ்சியையே பாத்துச்சு. பினாங்குலருந்து சேதி கொண்டாந்திருக்கேன், தண்ணி குடுங்கன்னேன். அதுக்கு வெளங்கிருச்சு அண்ணே. நான் சொல்லு முன்னாடியே தாலியக் கையில பொத்திப் பிடிச்சுக்கிருச்சு.

'உள்ள ஓடிப்போயி சொம்பு நிறைய மோந்துக்கிட்டு வந்துச்சு. நான் குனிஞ்சு ரெண்டு கையையும் ஏந்துனேன். ஊத்தல. சொம்பையே கையில குடுத்துருச்சு. மறந்து குடுத்துச்சோ என்னமோ. தம்பிகாரரு பாத்துக்கிட்டு நின்னாரு, ஒண்ணும் சொல்லல. குடிச்சுட்டு, அவுக இருக்காக, நல்லா இருக்காகன்னு சொன்னேன். சொம்பைக் கீழ வைக்கப் போனேன். அந்தம்மா கையை நீட்டி வாங்கிக்கிருச்சு.'

ஒரு சொம்பினால் ஊர் மாறிவிட்டது என்று உங்களிடம் அளக்கமாட்டேன். பாக்கியம் போனபிறகு அதைப் புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள், நெருப்பில்கூடக் காட்டியிருப்பார்கள். ஆனாலும் அப்பா கடைசிவரை எட்டி நின்ற வாசலில் அவர் மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். நேற்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்பா அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, அவர்கள் அனுப்பித்தான் போனார், அதைக் கண்ணால் பார்த்தவர் என்னிடம் சொன்னார் என்பது பாக்கியத்துக்கு இன்னும் தெரியாது. ஊர் சொன்னதைக் கேட்டு, அவளும் என்னைப்போல் பாதி நம்பி வளர்ந்தவள்தான். அவளுக்கு எழுத இன்று காலை உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வெகுநேரம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ரங்கம்மா முதல் வரியைப் படித்ததுமே என்ன மாதிரிச் சேதி என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

'பாக்கியம், எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா.'